உங்கள் வாயில் இன்னொருவர் குரல்

அப்பா,

நேற்று உங்கள் நினைவுக் கூட்டத்தில் கொடுத்த கேடயம் மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை. அடுக்களைக்குள் நுழையும்போதெல்லாம் அது மூக்கில் ஏறுகிறது, கூடவே எனக்குக் கோபமும் ஏறுகிறது. கண்ணாடிக்குள் உங்கள் முகம். கீழே தங்க எழுத்தில், 'மறக்க முடியாத குரலுக்குச் சொந்தக்காரர்.' குரலாம்! யாருடைய குரல் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்காவது தெரியுமா?

முப்பது வருஷம் நடித்தீர்கள். மலையாளப் படத்தில் தமிழன் என்று ஒருவன் வந்தால் அது நீங்கள்: லாரிக்காரன், வட்டிக்காரன், கோழி திருடுகிறவன். தமிழ்ப் படக்காரர்கள் பொள்ளாச்சிப் பக்கம் வந்தால் நீங்கள் மலையாளி டீக்கடைச் சேட்டன். கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் பிறந்த தமிழ் மனுஷனுக்கு இரண்டு பக்கமும் அசலூர்க்காரன் வேஷம்தான். படம் பிடிக்கும்போது நீங்கள் பேசுவதெல்லாம் சும்மா. பிறகு ஸ்டூடியோவில் வேறொருவர் உட்கார்ந்து உங்கள் வாயசைவுக்குப் பேசுவார். மலையாளப் படங்களில் எப்போதும் ஒரே ஆள். வார்த்தைக்கு வார்த்தை மூக்கால் இழுத்தால் தமிழ் வந்துவிடும் என்று நினைத்த புண்ணியவான். நாம் வீட்டில் நாள் பூராவும் பேசுகிற பாஷை, உங்கள் முகத்திலிருந்து கோமாளிக் கூத்தாக வெளியே வரும்.

ஒரே ஒரு மலையாளப் படம் வேறு மாதிரி. எனக்கு அப்போது பதினோரு வயது. டைரக்டர் நம் வீட்டுக்கே வந்து, அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, இந்தப் படத்தில் நீங்களே பேசுங்கள் என்று சொன்னார். ஓடிப்போன மகள் பல வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கிறாள். நீங்கள் நடிக்கிற அப்பன்காரன் திட்டவில்லை, அழவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறான்.

"வந்துட்டயா சாமி? கால் கழுவீட்டு உள்ள வா. சோறு இருக்குது."

அதற்காக ஒரு மாசம் பாடுபட்டீர்கள். கடலைக்காட்டில் தண்ணீர் திருப்பும்போது சொல்லிப் பார்ப்பீர்கள், வரப்பில் நான் உட்கார்ந்திருப்பேன். நாள் போகப் போக உங்கள் குரல் தணிந்துகொண்டே வந்தது. காதில் விழவே இல்லை என்று நான் சொன்னதற்கு, "சத்தமாச் சொன்னா அது நடிகன் கண்ணு. மெதுவாச் சொன்னாத்தான் அப்பன்" என்றீர்கள். திருவனந்தபுரம் போய்க் குரல் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. ரெக்கார்டிங் பண்ணினவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று அம்மாவிடம் மூன்று தடவை சொன்னீர்கள்.

படம் வந்தது. சொந்தக்காரர்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனோம். அம்மா கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டாள். அந்த இடம் வந்தது. வாசலில் மகள் நிற்கிறாள். உங்கள் முகம் பெரிதாகத் தெரிகிறது. அப்புறம் அதே மூக்குக் குரல். 'சாமி'யை அந்த ஆள் ஒரு முழ நீளத்துக்கு இழுத்தான். தியேட்டரே சிரித்தது. உங்கள் அசல் தமிழ் அங்கே படக்காரர்கள் யாருக்கும் தமிழாகப் படவில்லையாம், அதனால் மாற்றிவிட்டார்களாம். பிறகு கேள்விப்பட்டோம். ஆனால் அந்த நிமிஷம் நான் திரையைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தேன். நீங்களும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பி நடந்து வரும்போது, போய்ச் சண்டை போடுங்கள் என்று உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். "உடு சாமி. மூஞ்சி நம்மளுதுதான?" என்றீர்கள். அந்தப் பட்டுச்சேலையை அம்மா அப்புறம் கட்டவே இல்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் படம் ஓடின ஓட்டத்தில், கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். ஏனுங்க, அந்த டயலாக்கை ஒருக்காச் சொல்லுங்க! நீங்கள் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையை இறுக்கி, அந்த ஆளின் குரலில் சொல்வீர்கள். உங்கள் குரலைப் பிடுங்கியவனின் குரலை நீங்களே மிமிக்ரி செய்தீர்கள்! கை தட்டுவார்கள். நான் கை கழுவுகிற இடத்தில் போய் நின்றுகொள்வேன். கடைசிக் காலத்தில் உங்கள் பேரன் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, பேசுங்கள் தாத்தா என்று கெஞ்சினானே, அவனுக்கும் அதையேதான் செய்து காட்டினீர்கள். நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. என்னிடம் இருக்கிற ஒரே வீடியோவிலும் நீங்கள் இல்லை.

நேற்று பஞ்சாயத்து கம்யூனிட்டி ஹாலில் உங்களுக்கு அனுஸ்மரணம் என்கிற நினைவுக் கூட்டம். பால் சொசைட்டி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். பேச்செல்லாம் முடிந்தபின், பாலக்காட்டிலிருந்து வரவழைத்த மிமிக்ரிக்காரர் ஒருவர் மேடை ஏறினார். இனி அவரது குரலை நாம் மறுபடியும் கேட்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அவர் தொண்டையை இறுக்கினார். 'சாமி'யை இழுத்தார். அன்று தியேட்டரில் சிரித்த மாதிரியே ஹாலும் சிரித்தது. அவரே பேசற மாதிரி இருக்குதுங்க என்று எனக்குப் பின்னால் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சபையில் எழுந்து பேசிப் பழக்கமில்லை. எழுந்தேன். அது எங்கப்பா குரல் இல்லை, யாரோ ஒருத்தருடைய குரல், எங்கப்பா ஒரு நாளும் அப்படிப் பேசினதில்லை என்று கத்தினேன். உங்களோடு சீட்டாடுவாரே அந்த மாமா, அவர்தான் மூன்றாவது வரிசையிலிருந்து மெல்லத் திரும்பினார்.

"ஏனம்மணி, உங்கப்பனே அப்பிடித்தான பேசுவாரு? என்ற மக கல்யாணத்துல என்ற காதால கேட்டனே."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அப்பா, எனக்குத் தாங்கவில்லை. நீங்களே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன். கடலைக்காட்டில் நீங்கள் சொன்னபடி, மெதுவாக, அந்த மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. கடைசி வாக்கியத்தில் நீங்கள் குரலை இறக்குகிற இடத்தில் இறக்கினேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தர், ஒன்றும் கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொன்னார். பத்துப் பேர் கை தட்டினார்கள், பாவம் என்று. கூட்டத்தை ஏற்பாடு செய்த ஊர்க் கலைச் சங்கமான கலாசமிதியின் செயலாளர் கேடயத்தை என் கையில் வைத்து, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே காதோரம் சொன்னார்.

"நல்லா இருந்துச்சுங்க அக்கா. ஆனா அப்பா வாய்ஸ் வரலீங்க."

அவரை அறைந்திருப்பேன். ஆனால் அவர் மேல் என்ன தப்பு? அவர் கேட்டதெல்லாம் அந்தக் குரலைத்தானே. மிமிக்ரிக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, மாமா மேல் கோபமில்லை. அந்த டைரக்டர் மேல்கூட இப்போது பெரிதாக ஒன்றுமில்லை. கோபமெல்லாம் உங்கள் மேல்தான். ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாண வீட்டிலாவது, பேரனின் போனிலாவது, இது நான் இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் அப்பா சிரித்தீர்கள்?

உங்கள் குரல் இப்போது என் காதில் மட்டும்தான் இருக்கிறது. அதை எடுத்து யாருக்கும் போட்டுக் காட்ட முடியாது. நேற்று முயன்று பார்த்துவிட்டேன், அது நீங்கள் இல்லை என்று உங்கள் ஊரே சொல்லிவிட்டது.