கிளாடியோலஸ் பூத்த நாள்

திருவனந்தபுரம்
10.2.1998

அன்புள்ள முத்தாரம்மாளுக்கு, ஞானபாய் டீச்சர் எழுதுவது.

நீயும் கோமதியும் சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கிளாடியோலஸ் கிழங்கு கிடைத்துவிட்டது. மழைக்கு முன்னால் தோண்டி எடுத்ததை நானே சாக்கில் கட்டிப் பரணில் வைத்து மறந்திருக்கிறேன். போன வாரம் ஒட்டடை அடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. நீ திருடிவிட்டாய் என்று தெரு முழுக்கச் சொன்னேனே! அந்தப் பேச்சால் மற்ற மூன்று வீடுகளிலும் உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கோமதியின் பத்தாம் வகுப்பும் பாதியில் நின்றது. என்னை மன்னித்து வேலைக்குத் திரும்பி வா.

ஞானபாய்


வள்ளியூர்
22.2.1998

டீச்சரம்மாவுக்கு முத்தாரம்மாள். நான் சொல்லச் சொல்ல மகள் கோமதி எழுதுறா.

காயிதம் கிடைச்சுது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்டு கிளாடியோலஸைத்தான் சர்ச்ல வச்சாங்கன்னு பக்கத்து வீட்டு லீலாபாயம்மா அப்பவே எழுதியிருந்தாங்க. ஓரம் மட்டும் சிவந்த வெள்ளைப் பூவாம். அந்தப் பூ அங்க வேற யாருகிட்டயும் கிடையாது. ஆறு வருஷம் உங்களோட சேர்ந்து நட்டவ நான். நட்டு எழுபத்தஞ்சு நாளாவது ஆகாம அது பூக்காது. நீங்க என்னை வெளிய அனுப்பினது காந்தி ஜெயந்திக்கு மறுநாள். கிறிஸ்துமஸுக்குப் பூக்கணும்னா நான் போன ஒரு வாரத்துக்குள்ள நட்டிருக்கணும். கிழங்கு என்னைக்கு கிடைச்சுது, டீச்சர்?

முத்தாரம்மாள்


திருவனந்தபுரம்
12.3.1998

முத்தாரம்மா,

நீ போன மூன்றாம் நாளே கிடைத்துவிட்டது. அப்போது நீங்கள் இருவரும் இன்னும் வள்ளியூர் போகாமல் இங்கே தம்பானூரில் உன் அண்ணன் வீட்டில்தான் இருந்தீர்கள். ஆட்டோ பிடித்தால் கால் மணி நேரம். நான் வரவில்லை. சொன்னதை எப்படி மாற்றிச் சொல்வது என்று வெட்கம். கிழங்கை நட்டேன், தண்ணீர் ஊற்றினேன். பூத்தபோது எல்லாரும் புகழ்ந்தார்கள், சிரித்துக்கொண்டு நின்றேன். உனக்கு எழுதியபோதும் பொய்தான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அது போட்டே டீச்சரே, கழிஞ்ச காரியமல்லே" என்று, முடிந்துபோனதை விட்டுவிடச் சொன்னாள் ஒருத்தி. முத்தாரம்மாளுக்கு அது கழியவில்லை என்றேன். அந்த மூன்று வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். கோமதிக்குப் பள்ளியில் இடம் கேட்டு நானே பேசுகிறேன். மன்னிப்பாயா?

ஞானபாய்


வள்ளியூர்
25.3.1998

டீச்சர்,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கூட்டத்தில் சொன்ன இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, "மன்னிச்சாச்சுன்னு எழுது பிள்ளே" என்றாள். எழுதிவிட்டேன்.

அது அம்மா சொன்னது. ஜூனில் நான் இங்கேயே பத்தாம் வகுப்பில் சேர்கிறேன். எனக்காக யாரிடமும் பேச வேண்டாம். இனி எங்களுக்குக் கடிதமும் வேண்டாம்.

கோமதி