ஓடைப் பள்ளமும் அகல டயரும்

அக்டோபர் 3, செவ்வாய்

வெயில். மேகம் பேருக்குக்கூட இல்லை. நான் ஓட்டுகிற தீப்பெட்டி ஆபீஸ் ஜீப்பை அந்தோணி பட்டறையில் விட்டாயிற்று. மழைக்கு முன் முடிய வேண்டும் என்று முதலாளி உத்தரவு.

முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு நடந்ததை என் வீட்டுக்காரி பேச்சியிடம் சொல்வேன். அவள் காதில் வாங்கினாளா என்று பார்த்ததில்லை. ஆடியில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இப்போது டயர் கடையில் கொடுத்த டைரியில் சொல்கிறேன். இதுவும் பதில் பேசாது.

அந்தோணி சொல்லச் சொல்லக் குறித்தது:
பழைய அச்சு ரெண்டையும் எடுத்துவிட்டு, ஏலத்தில் வந்த மிலிட்டரி வண்டியின் அச்சு. பக்கத்துக்கு நாலு விரல் அகலம் கூடும்.
ஸ்பிரிங் பட்டை புதுசு. அச்சுக்குக் கீழே கிடந்ததை மேலே ஏற்றிக் கட்டுவது.
டயர் பெரிசு, அகலம். டிராக்டர் மாதிரி பல் வைத்தது.
மட்கார்டு வெட்டணும்.
ஷாக் அப்சர்பர் - மதுரையில்தான்.

முதலாளி வந்து டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். "ஏ சம்முகம், மழைன்னா கரட்டுப்பட்டிப் பொம்பளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு வடக்க போக வேண்டிய லோடு நிக்குது. இந்த வருசம் வண்டி போயே ஆகணும், கேட்டியா."

கேட்டேன். ராத்திரி இட்லி. கடையிலா, பக்கத்து வீட்டிலா, ஞாபகம் இல்லை.

அக்டோபர் 5, வியாழன்

வெயில்தான். ஜீப் வரும்வரை வாடகை வேன். கரட்டுப்பட்டிக்குப் போய் தீப்பெட்டி ஆபீசுக்கு ஆள் ஏற்றினேன்.

கழுகுமலை ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதை. நடுவில் ஓடைப் பள்ளம். நல்ல மழை ஒன்று விழுந்தால் அந்தப் பள்ளம் காய நாலைந்து நாள் ஆகும். கரிசல் சேறு, லேசில் விடாது. ஆனால் மேட்டுப் புஞ்சை ஒரு நாள் விட்டு மறுநாளே விதைக்கிற பதத்துக்கு வந்துவிடும். பள்ளம் வண்டியை விடாது, அந்த நேரத்தில் இவர்கள் விதைத்துக்கொள்வார்கள். இத்தனை வருஷம் அந்த ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு நாலு மணி தவச தானியம் வந்தது இப்படித்தான்.

வண்டி வராத நாள் லீவு. வண்டி வந்தும் ஏறாதவளுக்கு அடுத்த வாரம் முழுக்க வேலை கிடையாது. எழுதி ஒட்டாத சட்டம். இப்போது ஞாயிறும் வேலை.

மாடத்தி கேட்டாள். அவளுக்கு என்னைவிட வயது கூட, வாயும் கூட. "ஜீப்புக்கு என்ன சீக்கு?"

"பெரிய டயரு போடுதாவ. மழையில போறதுக்கு."

மாடத்தி, "அப்ப மழைக்கும் நமக்கும் இருந்த சொந்தம் அத்துப்போச்சு" என்றாள். ரெண்டு பேர் சிரித்தார்கள். என் தங்கச்சி ராமலட்சுமி சிரிக்கவில்லை.

இறங்கும்போது பின்னால் நின்றாள். "அண்ணே, புஞ்சைக்காரரு சொல்லிட்டாரு. போன வருசம் மாதிரி இந்த வருசமும் தரிசாக் கிடந்தா வேற ஆளுக்கு விட்டுருவாராம்."

போன வருஷம் மழை ஒரு தூறல். மறுநாளே வண்டி போய்விட்டது. ஓட்டினது நான்தான். அவள் புருஷன் பம்பாய் போனவன், போனவன்தான். அந்தப் புஞ்சையும் போனால் தீப்பெட்டி ஆபீசை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை.

"பாப்போம்" என்றேன். என்ன பார்ப்பது? அவளுக்காக வருத்தப்பட வேண்டும் என்று தெரிகிறது. வருத்தம் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 8, ஞாயிறு

புழுக்கம். மத்தியானம் முழுக்கப் பட்டறையில்.

அச்சு ஏறிவிட்டது. பட்டை உட்காருகிற இடத்தை அந்தோணி மறுபடி வெல்டிங் வைத்தான். வெல்டிங் வைக்கும்போது மீசைக்கு ஈரத்துணி கட்டிக்கொள்வான், பொறி பட்டுவிடுமாம். ஊரிலேயே பெரிய மீசை. காலையில் அதற்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டுத்தான் சட்டையே போடுவான். அவன் வீட்டுக்காரியே சொல்லியிருக்கிறாள், "புள்ளைய ஒரு நாளு இப்பிடித் தடவிக் குடுத்திருப்பாவளா?"

டயர் மாட்டி ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசுகிறது. வெட்டினான். மறுபடி உரசல். மறுபடி வெட்டு. "மண்ணு அப்பி நிக்கவும் எடம் வேணும்லா. நாலு விரல் சந்து இல்லன்னா கரிசல் உள்ள அடைச்சி சக்கரத்தைப் பூட்டிரும்."

நல்ல வேலைக்காரன். அதை அவனே சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பேச்சி சேலை எல்லாம் பெட்டியில் அப்படியே இருக்கிறது. ராமலட்சுமி கேட்டால் கொடுத்துவிடலாம். கேட்க மாட்டாள்.

அக்டோபர் 11, புதன்

மேற்கே மேகம் கட்டிக் கலைந்தது. வண்டி தயார். முதலாளி தோட்டத்தில் மோட்டார் போட்டு ஒரு துண்டு கரிசலைச் சேறாக்கிச் சோதனை.

முதலில் சும்மா ஓட்டச் சொன்னான் அந்தோணி. பாதி தூரம் போகவில்லை, பின் டயர் தோண்டிக்கொண்டு இறங்கியது. முதலாளி முகம் சுருங்கிவிட்டது. அந்தோணிக்குச் சிரிப்பு. வேண்டுமென்றே செய்திருக்கிறான்.

"இப்ப முன் கியரைப் போடுங்க அண்ணாச்சி."

பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பியைத் தள்ளினேன். நாலு சக்கரமும் பிடித்தது. எருமை எழுந்திருப்பது மாதிரி எழுந்து, நடந்து, அந்தக் கரையில் ஏறிவிட்டது.

"அம்புட்டுத்தான் சூட்சமம்" என்றான் அந்தோணி. "முன் கியர் போட்டா எந்தச் சகதியும் தாண்டும். போடாட்டி இந்தப் பல்லு குழிதான் தோண்டும், பழைய டயரவிட மோசம்." பிறகு முதலாளி பக்கம் திரும்பி மீசையைத் தடவினான். "மொதலாளி, இந்த வண்டி கரட்டுப்பட்டி ஓடையில நின்னுட்டுன்னு யாராவது சொல்லட்டும். இதை எடுத்துருதேன்."

முதலாளிக்குச் சந்தோஷம். எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். இனிப்பாக இருந்திருக்கும்.

அக்டோபர் 12, வியாழன்

வெக்கை. புது ஜீப்பில் முதல் நடை. பெண்களுக்குக் கால் எட்டவில்லை. சேலையை வழித்துக்கொண்டு ஏற முடியுமா? டீக்கடை முக்காலியைக் கேட்டு வாங்கிப் போட்டோம்.

"ஏ சம்முகம், ஜீப்பு கொண்டாந்தியா, ஆனை கொண்டாந்தியா?" என்று மாடத்தி. "பாகன் மொகத்துல சிரிப்பக் காணுமே."

சாயங்காலம் அந்தோணியிடம் சொல்லிப் படி வெல்டிங் வைத்தாயிற்று. இன்னொன்று: டயர் பெரிசானதால் மீட்டர் முள் காட்டுவது குறைவு, வண்டி ஓடுவது கூட. மெதுவாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

மழை. நேற்று இருட்டும்போது பிடித்தது, இன்று மத்தியானம் விட்டது. நல்ல மழை. வண்டி எடுக்கவில்லை. மழை கொட்டும்போது ஓடையில் தண்ணீர் ஓடும், அதில் எந்த டயரும் இறங்காது. முதலாளியே வேண்டாம் என்றுவிட்டார்.

வீட்டில் படுத்திருந்தேன். ஓட்டில் ஒழுகுகிற இடத்தில் பேச்சி அண்டா வைப்பாள். வைக்கவில்லை. ஒழுகினது ஒழுகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் நனைந்துவிட்டது. எழுந்து வேறு இடத்தில் படுத்தேன். அவ்வளவுதான் இன்றைக்கு.

அக்டோபர் 18, புதன்

மழை இல்லை. வானம் மூட்டம்.

ஓடையில் தண்ணீர் வடிந்து வெறும் சகதி. முன் கியர் போட்டேன். தாண்டியது. அந்தோணி சொன்னது சொன்னபடி. சந்தில் அப்பின மண்ணைக் கம்பியால் நோண்டித் தள்ளிவிட்டு ஊருக்குள் போனேன்.

ஒருத்தியும் கிளம்பித் தயாராக இல்லை. லீவு என்று இருந்திருக்கிறார்கள். ஹாரன் அடித்தேன். தலைகுளித்த ஈரத்தோடு ஒருத்தி ஓடி வந்தாள். ஒருத்தி கையில் மாவு. மாடத்தி வந்து டயரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நாசமாப் போறவன் நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றாள்.

ராமலட்சுமி வாசலில் விதைப்பெட்டி. உளுந்து. நாளைக்கு மண் பதமாகிவிடும் என்று ஏர்க்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அவருக்கும் நாளை ஒரு நாள்தான் ஒழிவு. பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து ஏறினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். கேட்காததும் ஒரு மாதிரி இருந்தது.

சாயங்காலம் கொண்டுபோய் விட்டேன். வருகிறபோது ஓடை. முன் கியர். தாண்டியது.

முதலாளி முதுகில் தட்டினார். "நாளைக்கும் இதே மாதிரி, சம்முகம்."

அக்டோபர் 19, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது.

ஓடைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். அந்தக் கரையில் பெண்கள் நின்றார்கள், சோற்று வாளியோடு. இன்றைக்குத் தயாராகவே வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மேட்டுப் புஞ்சை கறுப்பாக ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. ஏர்க்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு வேறு யார் புஞ்சைக்கோ போய்க்கொண்டிருந்தார்.

கை சின்னக் கம்பி வரை போனது. திரும்பி வந்துவிட்டது. யோசிக்கவெல்லாம் இல்லை.

அப்படியே இறக்கினேன். நடுப்பள்ளத்தில் நின்றது. மிதித்தேன். பல் தோண்டியது. இன்னும் மிதித்தேன், அடிச்சட்டம் மண்ணில் உட்காருகிற வரைக்கும். இறங்கினேன், முழங்கால் சகதி.

"சிக்கிட்டு" என்றேன். "இன்னைக்கு வண்டி இல்ல. போங்க."

யாரும் அசையவில்லை. மாடத்திதான் முதலில். "காது கேக்கலையாட்டி? போங்கன்னு சொல்லுதான்லா!" ராமலட்சுமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏர்க்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள்.

ரோட்டுக்கு நடந்துபோய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். முதலாளி பைக்கில் வந்தார், பின்னால் அந்தோணி. முதலாளி வெள்ளை வேட்டி. கரையிலேயே நின்றுகொண்டார். அந்தோணி மட்டும் சகதியில் இறங்கி வந்து ஏறினான். ஸ்டீரிங்கைப் பிடித்தான். வலது கை ஸ்டார்ட்டருக்குப் போனது, இடது கை அந்தச் சின்னக் கம்பிக்கு. அங்கேயே நின்றது.

என்னைப் பார்த்தான். நான் வேறு எங்கும் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தேன். அவன் மேட்டைப் பார்த்தான். ராமலட்சுமி ஏருக்குப் பின்னால் குனிந்து விதை போட்டுக்கொண்டு போனாள்.

கரையிலிருந்து முதலாளி கத்தினார். "முன் கியரு போட்டானா இல்லியா?"

"போட்டுத்தான் இருக்கு மொதலாளி" என்றான் அந்தோணி. குரல் தெளிவாக இருந்தது. "என் கணக்குத்தான் தப்பிட்டு. இந்த மண்ணுக்கு இவ்வளவு அகலம் ஆகல."

"டிராக்டர் வச்சி இழுத்திருவோமா?"

"இப்ப இழுத்தா புது அச்சு வளைஞ்சிரும். ரெண்டு நாளு காயட்டும்."

"பெருசா மீசையத் தடவினியேடா" என்றார் முதலாளி. அந்தோணி சகதியில் இறங்கிக் கரைக்கு நடந்தான்.

அக்டோபர் 20, வெள்ளி

வெயில். வண்டிக் காவலுக்கு நான் கரட்டுப்பட்டியில். ராமலட்சுமி புஞ்சை விதைத்து முடிந்தது. ஓரத்தில் கொஞ்சம் பாக்கி இருந்ததை இன்று கையால் கொத்திப் போட்டாள். ஊரில் எல்லாப் புஞ்சையிலும் பெண்கள்.

மத்தியானம் கம்பங்கூழ் கொண்டுவந்தாள். வெங்காயம், மோர் மிளகாய். மிளகாய் உறைத்தது. கண்ணில் தண்ணீர். "வறுத்தது கருகிட்டோ, அண்ணே?" என்றாள். இல்லை என்றேன்.

முன் கியர் பற்றி அவளுக்குத் தெரியாது. சொல்லவும் போவதில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

வெயில். நாளை தீபாவளி, ஊரெல்லாம் வெடிச் சத்தம். நேற்று பள்ளம் இறுகினதும் வண்டி வெளியே வந்துவிட்டது. பெரிய டயரைக் கழற்றிப் பழையதையே மாட்டச் சொல்லிவிட்டார் முதலாளி. அச்சு, பட்டை எல்லாம் பழையபடி. இனி மழை என்றால் லீவுதான், அவளுகளோடு மாரடிக்க முடியாது என்றாராம்.

பட்டறைக்குப் போனேன். அந்தோணி ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு, தானே முடுக்கின போல்ட்டைத் தானே கழற்றிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு வெளியே வந்தான்.

மீசை இல்லை. அந்த இடம் மட்டும் வெளுப்பாக, குழந்தை முகம் மாதிரி. ஆள் யாரோ என்று இருந்தது.

கழற்றிப் போட்டிருந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பேச்சியைத் தூக்கின அன்றைக்குக்கூட எனக்கு இப்படி ஆகவில்லை.

"அந்தோணி, நான் அன்னைக்கு..."

"அந்தப் பெரிய ஸ்பேனரை எடுங்க அண்ணாச்சி" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன்.