பிக்கப்பில் அப்பா மாட்டிய கருவி

வடக்கு டகோட்டா, சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு ரோண்டா எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஓடும்போது எரிபொருளை மிச்சப்படுத்தப் பாதி சிலிண்டர்கள் தானாக அணைந்தால் என் பிக்கப் வண்டியின் எஞ்சின் கெட்டுவிடும் என்று, அதைத் தடுக்க அப்பா ஒரு கருவி மாட்டினாரே, அது நின்ற வண்டியிலும் பேட்டரியைக் குடித்திருக்கிறது! வாரமெல்லாம் நிறுத்தியிருந்த வண்டியில் நேற்று சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்ட எண்ணெய்க் கிணற்றடியில், பனிக்காற்றில், நான் மட்டும். விரல்கள் மரத்த பிறகுதான் எண்ணெய் டேங்கர் லாரி ஓட்டும் வெர்லின் வந்து, தன் லாரியின் பேட்டரியால் என் வண்டியைக் கிளப்பினான்.

கருவியைப் பிடுங்கிப் பார்த்தவன், "எஞ்சினக் காப்பாத்தப் போயி பெத்த பொண்ணையே கொல்லப் பாத்தாரே உங்கப்பா!" என்று சிரித்தான்.

தடித்த கையுறை ஒரு ஜோடி அனுப்பு. அப்பாவிடம் எதுவும் சொல்லாதே, எஞ்சின் அருமையாக ஓடுகிறதாம் என்று மட்டும் சொல். அடுத்த வார ஞாயிறன்று நான் கூப்பிடும்போது போனை அவரிடம் கொடு. அவர் குரலைக் கேட்க வேண்டும்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன் ரோண்டா