மூடிய புத்தகமும் முத்துச்சாமியின் கேள்வியும்

அன்பு முத்துச்சாமி,

நீ சொன்னது பிழையாக இருக்கலாம் என்று ஒரு புத்தகம் சொல்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கொழும்புக் கல்லூரியில் நாம் சேர்ந்த வருடம் நான் படித்த விதம் நினைவிருக்கிறதா? தாவரவியல் புத்தகத்தை வரிக்கு வரி கொப்பியில் எழுதி இறக்குவேன். கை வலித்தால் படித்துவிட்டதாக நம்புவேன். விடுமுறைக்கு நம் கேகாலை ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது, கங்காணி மகனான நீ, தோட்ட ஆபீஸ் கிளாக்கர் மகனான என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினாய்.

“இப்ப சொல்லு. ரப்பர் மரத்துக்குப் பால் எதுக்கு?”

“அது புத்தகத்தில கிடக்கு மச்சான்.”

“புத்தகத்துக்குத் தெரியும். ஒனக்குத் தெரியுமாடா?”

தெரியவில்லை. உன் கொப்பியைப் பார்த்தேன். ஒரு பாடத்துக்கு நாலைந்து வரி, அதுவும் உன் சொந்த வார்த்தையில். பாதிப் பக்கம் சும்மா கிடந்தது.

“இந்த இடம் ஆருக்கு?”

“இன்னொரு புத்தகம் வேற மாதிரி சொல்லுமில்ல, அதுக்கு.”

சொல்லவும் செய்தது. பால் மரத்தின் காயத்தை மூடுவதற்கு என்றது ஒன்று. மரம் சேர்த்துவைத்த உணவு என்றது மற்றது. நீ உணவின் பக்கம். தோட்டத்துப் பாதையில் நடந்தபடியே வாதாடுவோம். வீடு வந்த பிறகுதான் எழுதுவோம், மறந்த இடத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திறப்போம்.

அந்த வருடமே மலேரியாக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. பிறகு புத்தகத்தைத் திறந்தால் எனக்கு எழுத்துகள் மட்டுமே தெரிந்தன. மறுத்துப் பேச ஆளில்லாமல் எப்படிப் படிப்பது?

ஒருநாள் உன் அம்மா கேட்டார்: “எம் மவன் அங்க என்னதான் படிச்சான், தம்பி?”

கொப்பி இல்லாமல், இங்கிலீசு இல்லாமல் சொன்னேன். உன் கட்சியையும் சொன்னேன். “அப்ப பால எடுத்துட்டா மரத்துக்குப் பசிக்காதா?” என்றார். வீட்டுக்கு வந்து அதைத்தான் முதலில் எழுதினேன். அதன் பிறகே மறுபடி படிக்க முடிந்தது.

பரீட்சையில் பாலைப் பற்றிக் கேள்வி வந்தது. இரண்டு கட்சியையும் எழுதி, எது சரியென்று இன்னும் தெரியவில்லை என்று முடித்தேன். பயந்துகொண்டேதான் முடித்தேன். தேறிவிட்டேனடா.

இப்போது வந்திருக்கும் புத்தகம், பட்டினி கிடக்கும் செடிகூடத் தன் பாலைத் தொடுவதில்லை என்கிறது. எத்தனை நாள் பட்டினி போட்டார்கள்? நாற்றையா, வளர்ந்த மரத்தையா? அதைச் சொல்லக் காணோம். நீ என்ன கேட்டிருப்பாய்?

வரும் விடுமுறையில் உன் வீட்டுப் பின்பக்கம் ரப்பர் நாற்று வைத்து, சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை இருட்டிலும் வளர்க்கப் போகிறேன். வெயிலில்லாமல் பட்டினி கிடக்கும் நாற்றில் பால் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். உன் அம்மா இடம் ஒதுக்கித் தந்துவிட்டார். நீ தோற்றால் தோற்றாய் என்றே எழுதுவேன். செத்துப்போனவன் என்று பார்த்து உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உன் மச்சான்,
சிவராசா