அம்மா என்னை ஒளித்த நாள்

2006 செப்டெம்பர் 12

எங்கள் நிறுவனத்தில் புது விதி. ஆதரவில்லாத முதியவர்களைச் சம்பளத்துக்குப் பராமரிக்கிற பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை. நல்லதுதான். நான் பார்த்துக்கொள்கிற கனகமணி அம்மாவின் வங்கி அட்டையும் வீட்டுக் கதவுத் திறப்பும் என் கைப்பையில். அவருக்கோ காலையில் சாப்பிட்டதே நினைவில்லை. என்னைச் சோதிக்காமல் யாரைச் சோதிப்பது?

படிவத்தில் ஒரு கேள்விதான் இடறியது. எந்த நாட்டிலாவது பொலிஸோ இராணுவமோ உங்களைத் தடுத்து வைத்ததுண்டா?

செப்டெம்பர் 13

கணவர் உதயன் ஒரே பிடி. “இல்லை எண்டு போடு தக்ஷினி. மட்டக்களப்பு முகாமில நடந்தது மொன்ட்ரியாலில ஆருக்குத் தெரியப்போகுது?”

சீருடைக்காரன் எதைக் கேட்டாலும் ‘இல்லை’ — அப்படிச் சொல்லித்தான் தப்பினோம். சரி. ஆனால் இராணுவச் சுற்றிவளைப்பில் பள்ளிக்கூடச் சட்டையோடு என்னை முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது அவங்கள். வழக்குமில்லை, குற்றமுமில்லை. நான் ஏன் ஒளிக்க வேணும்? களவெடுத்தனானா?

‘ஆம்’ என்ற கட்டத்தில் கடதாசி கிழியச் சரி அடையாளம் போட்டேன்.

செப்டெம்பர் 20

என் மேல் குற்றம் எதுவுமில்லை என்று பொலிஸிடமிருந்து பதில் வந்துவிட்டது. ஆனாலும் மேலாளர் மதலேன் அந்த ‘ஆம்’ஐ விடுவதாயில்லை. கனகமணி அம்மாவைத் தனியே விசாரித்த பிறகுதான் முடிவாம். வேறொருத்தியிடம் அம்மாவைக் கொடுப்பார்களோ? கொடுத்துப் பார்க்கட்டும்.

செப்டெம்பர் 26

பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிற அம்மாவின் வீட்டுக்கு மதலேன் வந்தாள். கருநீலக் கோட், கழுத்தில் படம் போட்ட அட்டை, மொழிபெயர்க்க விமலநாதன் அண்ணை. என்னைக் குசினிக்குள் போகச் சொன்னார்கள். எல்லாம் கேட்டது.

“அம்மா, உங்களைப் பாக்கிற தக்ஷினி எப்பிடி? நல்லா நடத்துறாவோ?”

“ஆரு மகன்? அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்ல. ஒருநாளும் வந்ததுமில்ல.”

காலையில் தலை வாரிவிட்டதே நான்தான்! பிறகுதான் அந்தக் குரல் பிடிபட்டது. அது மறதிக் குரல் இல்லை. ஊரில் அயல்வீட்டுப் பிள்ளைகளைச் சாமியறைக்குள் ஒளித்துவிட்டு, தேடி வந்த ஆமிக்காரருக்கு முன்னால் போய் நின்ற மனுசியின் குரல். அந்தக் கதையை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்!

அகப்பையும் கையுமாக வெளியே வந்தேன். “அம்மா எனக்குப் பயப்படவில்லை மேடம். உங்கள் கோட்டையும் அட்டையையும் கண்டு பயந்து, என்னை ஒளிக்கிறார். உங்கள் படிவத்தில் நான் என்னை ஒளிக்கவில்லை; இவர்தான் என்னை ஒளிக்கிறார்.” சாமியறைக் கதையையும் என் முகாம் கதையையும் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

மதலேன் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். அம்மா மட்டும் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “உள்ள போடி!”

செப்டெம்பர் 27

வாய் காட்டி வேலையைக் கெடுத்துவிட்டேனாம் என்று நேற்றிரவு உதயன் கத்தினார். இன்று முழுக்கப் பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

ஒக்டோபர் 31

மதலேன் அம்மாவை என்னிடமே விட்டுவிட்டாள். இன்று அம்மாவைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனேன். தாதியின் கழுத்திலும் ஓர் அட்டை. கூட வந்திருப்பது யார் என்று அம்மாவிடம் கையால் காட்டிக் கேட்டாள்.

“ஒருத்தருமில்ல” என்றார் அம்மா. என் கையைத் தன் கோட்டுக்குள் மறைத்து இறுக்கிப் பிடித்திருந்தார்.

“இவருடைய பொறுப்பாளர் நான்தான்” என்று பிரெஞ்சில் சத்தமாகச் சொன்னேன். கையை இழுக்கவில்லை.