பாலத்துக்கு அந்தப் பக்கம்

டன்மோர், அயோவா
மார்ச், செவ்வாய் இரவு

அன்புள்ள மார்லீ,

உன் முதுகுவலி தேவலையா? நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது, எழுதிவிடுகிறேன். குழந்தை ஹேட்டிக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, மூன்றாவதற்குக் காய்ச்சல். அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ லீக் அலுவலகத்து மார்லீ ஆகிவிடுகிறாய். எனக்குக் கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவள் வேண்டும்.

கால்பந்து லீக்குக்கு நீ வரைந்த புதிய பிரிவுகளை என் வீட்டுக்காரர் கர்ட் கொண்டுவந்து காட்டினார். பன்னிரண்டு கல்லூரிகள் இரண்டாகப் பிரிந்து கிழக்கு, மேற்கு. நடுவில் கோடாக மிசிசிப்பி நதி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பையன்கள் பஸ்ஸில் கிடந்து சாக வேண்டாம், பலமான அணிகளும் இரண்டு பக்கமும் சரியாகப் பங்காகியிருக்கின்றன என்று கர்டே மெச்சினார். டன்மோர் கல்லூரி அணியின் துணைப் பயிற்சியாளர் அவர், வேறென்ன சொல்வார்?

ஆனால் மார்லீ, பாலத்தைத் தாண்டினால் இருபது நிமிடத்தில் செயின்ட் ஆல்பன். அது கிழக்கு, நாங்கள் மேற்கு. வருடத்துக்குச் சொந்தப் பிரிவில் ஐந்து ஆட்டம், எதிர்ப் பிரிவின் ஆறு அணிகளில் சுழற்சியில் இரண்டோடு மட்டும் ஆட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இனி அவர்களும் நாங்களும் மோதுவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை.

அப்பாவை உனக்குத் தெரியும். முப்பது வருடம் செயின்ட் ஆல்பனின் பயிற்சியாளர். அவர் மகள் டன்மோர்க்காரனைக் கட்டிக்கொண்டாள் என்பது இன்னும் அவருக்கு இறங்கவில்லை. ஓய்வு பெற்றும் கோபம் ஓய்வு பெறவில்லை. என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. நான் எப்போது போன் செய்தாலும் ஒரே பதில்தான்: "நவம்பர்ல பாப்போம்." வைத்துவிடுவார்.

வருடா வருடம் நவம்பரில் நடக்கும் எங்கள் இரண்டு ஊர் ஆட்டத்தில் பார்ப்போம், அது மட்டும் நிஜம். ஆட்டம் முடிந்ததும் தோற்ற ஊர்க்காரர்கள் ஜெயித்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் கையாலேயே பீன்ஸ் குழம்பு ஊற்றித் தர வேண்டும் அல்லவா? அதை மறுத்தவனை இரண்டு ஊரும் சும்மா விடாது. நாங்கள் தோற்றால் நான் அவருக்குக் கிண்ணம் நீட்டுவேன். அவர்கள் தோற்றால் அவர் எனக்கு. நான்கு வருடமாக எங்கள் உறவு அந்த ஒரு கிண்ணம்தான்.

போன நவம்பரில் அவர்கள் தோற்றார்கள். அப்பா கிண்ணத்தோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளில் கிடந்த நான்கு மாதக் குழந்தையிடம் சொன்னார்: "உங்காளுங்க எங்கடி ஜெயிச்சாங்க? காத்துதான்டி ஜெயிச்சுது!" பிறகு தன் செயின்ட் ஆல்பன் அணிக் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்துவிட்டு, காது சிவக்க நடந்து போய்விட்டார். தொப்பி அவள் மூக்குவரை இறங்கியது. "ஏய் கர்ட், உன் வீட்டுலயே எதிரி கொடி ஏத்திட்டான்டா கிழவன்!" என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

குளிர்காலத்தில் அவர் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். இதயம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று வருடம் என்பது உன் வரைபடத்தில் ஒரு சுழற்சி. என்னால் அப்படி எண்ண முடியவில்லை.

ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிர்ப் பிரிவில் ஒரு அணியை வருடா வருடம் மோத நிரந்தரமாக வைத்துவிடலாமே என்று போன மாதம் கேட்டேன். நீ சொன்னது நினைவிருக்கிறது: "ஒனக்கு செயின்ட் ஆல்பன்னா இன்னொருத்தனுக்கு ஒரு நோஞ்சான் அணி வருஷா வருஷம் இனாமா கெடைக்கும். பட்டம் யாருக்குன்னு அடிச்சுக்குவாங்க. நான் கோடுதான்டி போடுறேன், ஓட்டு போடுறது கல்லூரித் தலைவருங்க." நீ சொன்னது நியாயம். அதுதான் எனக்குக் கஷ்டம். தவறு என்று சொல்ல ஓரிடம் கூட அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டேன். வழக்கம்போல, "நவம்பர்ல பாப்போம்" என்றார். வைப்பதற்குள் சொல்லிவிட்டேன்: "இந்த நவம்பர் இல்லப்பா. லீக்க ரெண்டா பிரிக்கப் போறாங்க." அவர் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பிறகு கேட்டார்:

"அப்ப எந்த மாசம்?"

நாளைக்கே வாங்கப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் அப்படிப் பேசிப் பழகவே இல்லை, மார்லீ. ஹேட்டி அழுதாள். அவர் வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை தலைவர்கள் ஓட்டுப் போடும் கூட்டத்தில் அந்த வரைபடத்தை விரிக்கும்போது, பாலம் இருக்கும் இடத்தில் ஒரு நிமிடம் விரலை வை. வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை. உன்னால் முடியாவிட்டாலும் நீ என் தோழிதான். உடம்பைப் பார்த்துக்கொள், குனிந்து எதையும் தூக்காதே.

இன்று ஹேட்டிக்குத் தொப்பியைப் போட்டுப் பார்த்தேன். புருவம்வரை ஏறியிருக்கிறது. நவம்பரில் சரியாக இருக்கும்.

என்றும் உன்,
டெஸ்ஸா