கரண்டிக் காம்பும் இரண்டு திருகும்

பிப்ரவரி 11

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சுக்கு இஸ்திரி போட்டு எழுதுகிறாளோ என்று சந்தேகம். இதையும் எழுது என்றேன், சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் போய் ஆறு வருஷம். எல்லாமே குழைத்துத்தான் சாப்பாடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறோர் இடத்தில், பல் கட்டுவதற்காக எலும்பில் ஒரு திருகு வைத்தார்கள். ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, வாய் கொப்பளிக்கும்போது கையில் வந்து விழுந்தது. சர்க்கரை உள்ள உடம்பில் எலும்பு திருகைச் சரியாகப் பிடிக்காதாம்.

இன்று பார்த்தது புது டாக்டரம்மா. என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்லை ஆய்வகத்தில் வளர்த்து, திருகைச் சுற்றி வைப்பாராம். அதனால் எலும்பு வளர்ந்து திருகைக் கவ்வுமா என்று பார்க்க வேண்டும். கவ்வுமா என்று கேட்டேன். “தெரியலை பெரியவரே. தெரிஞ்சுக்கத்தான் உங்களை மாதிரி இருபது பேர்” என்றார். ஒரு பக்கத் திருகு செல்லோடு, மறுபக்கத் திருகு செல் இல்லாமல். எது எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

தெரியலை என்று சொல்லத் தெரிந்த டாக்டர்! மருமகள் எட்டுப் பக்க ஒப்புதல் தாளையும் படித்துக் காட்டிய பிறகுதான் என்னைக் கைநாட்டு வைக்க விட்டார்.

பிப்ரவரி 19

இடுப்பில் ஊசி. வலித்தது.

மார்ச் 19

திருகு இரண்டும் இறங்கின. நாற்பத்தோரு வருஷம் பம்பு மோட்டார்களுக்கு அஸ்திவார போல்ட் இறக்கியவன் நான். துளை போடுகிற கையைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவேன். மேலே விளக்குக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா கருவியை அமுக்கவே இல்லை. கொஞ்சம் இறக்குவார், எடுப்பார், தண்ணீர் விடுவார், மறுபடி இறக்குவார். என்ன கை அது!

ஈறுக்கு மேல் சின்ன மூடி தெரிகிறது. மூன்று மாதம் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது.

ஏப்ரல் 6

கரண்டிக் காம்பால் அந்த மூடிகளைத் தட்டிப் பார்க்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் போகிறது. பிடித்த போல்ட் கணீர் என்னும், பிடிக்காதது மந்தமாக ஒலிக்கும். பன்னிரண்டு நாளாகக் காலையில் குளியலறையில் இதுதான் வேலை. இடப்பக்கம் கணீர். வலப்பக்கம் மந்தம் – அதனால் அதை இன்னும் நாலு தட்டு.

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

ஏப்ரல் 7

மருமகள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: “மாமா, காங்கிரீட் காயறதுக்கு முன்னாடி ஒருத்தன் வந்து போல்ட்டைத் தட்டினா என்ன பண்ணுவீங்க?”

“அடிச்சுத் துரத்துவேன்.”

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

துரத்தியும் இருக்கிறேன். நான் வைத்த மூன்றாவது மோட்டார், பதினாறு போல்ட். தட்டியவனின் சட்டை நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. என்னை யார் துரத்துவது?

ஏப்ரல் 9

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. எத்தனை நாள், எந்தப் பக்கம் அதிகம், எவ்வளவு பலமாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 20

திருகு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். இடப்பக்கம் பாறை மாதிரி நிற்கிறது. வலப்பக்கம் ஆடியது, கழற்றிவிட்டார்கள். செல் வைத்தது இடப்பக்கம்தான் என்று டாக்டரம்மா இன்று சொன்னார். அப்போ ஜெயிச்சிட்டீங்களே என்றேன்.

“இல்லை பெரியவரே. செல் இல்லாததால விட்டுச்சா, உங்க கரண்டியால விட்டுச்சான்னு நான் எப்படிச் சொல்றது? உங்களோடதை வெற்றின்னு எழுத முடியாது.”

கைக்கு வந்த வெற்றியைக் கீழே வைத்துவிட்டார். கோணலாக நின்ற மோட்டாரை நேர் என்று கையெழுத்துப் போட்ட எஞ்சினியர்களை எனக்குத் தெரியும், தேதியோடு சொல்வேன். இந்த அம்மா வேறு ஜாதி மனுஷி. அவர் உழைப்பைத்தான் நான் கரண்டியால் தட்டியிருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது வாயே திறக்கவில்லை. திறந்து என்ன செய்ய? – ஒரு பக்கம்தான் இருக்கு.

ஜூலை 2

டாக்டரம்மாவே போன் செய்தார். என் செல் கொஞ்சம் உறையவைத்து மிச்சம் இருக்கிறதாம். புண் ஆறியதும், அனுமதி வாங்கி, வலப்பக்கம் செல்லோடு மறுபடி வைத்துப் பார்க்கலாமாம். இது அந்த இருபது பேர் ஆராய்ச்சியில் சேராது. பிடிக்குமா என்றேன். மறுபடியும் அதே பதில்: தெரியலை.

அக்டோபர் 8

வலப்பக்கத் திருகு இறங்கியது. வீட்டுக் கரண்டியெல்லாம் மேல் அலமாரிக்கு ஏறிவிட்டது. எனக்கு எட்டாது.

நவம்பர் 15

தட்டவில்லை.

நவம்பர் 16

தட்டவில்லை. நாக்கு மட்டும் ஒரு தடவை போனது.

ஜனவரி 27

அளந்தார்கள். கருவியில் வந்த எண்ணை டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

பிப்ரவரி 24

பல் கட்டி மூன்று நாள். மருமகள் பச்சைக் கேரட் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்தாள். வலப்பக்கத்தில் வைத்துக் கடித்தேன்.

என்ன உடைந்தது என்று அடுத்த அறையிலிருந்து மகன் கேட்டான்.

“ஒண்ணும் உடையலைடா” என்றேன்.